ஏட்டில் இருந்ததும் அச்சில் வந்ததும்

திருவையாற்றுக்கு ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் பிறந்து வளர்ந்தவன் நான். சிறு வயதில், ஆராதனை நாட்களில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காவிரிக் கரைக்குச் செல்வதுண்டு. தியாகராசர் சமாதியை நோக்கிக் கைகூப்பிய வண்ணம் அங்கே ஓர் அம்மையாரின் சிலை இருக்கிறது. "இவர்தாம் பெங்களூர் நாகரத்தினம்மாள். இந்தக் கோயிலைத் தம் பொருளையெல்லாம் கொடுத்துக் கட்டியவர்" என்று அம்மா சொல்லுவார். பாட்டுக்காரர், பக்தை, வள்ளல் என்ற அளவில்தான் அவரை நான் அறிந்திருந்தேன். எங்கள் ஊரில் வேறு எவரும் அதற்கு மேல் சொன்னதில்லை.

மேற்படிப்புக்காகப் பெங்களூருக்கு வந்த பிறகுதான், அவருடைய பெயரின் முன்னால் நிற்கும் இந்த ஊரில் உட்கார்ந்துதான், அவரைப் பற்றிய மற்றொரு செய்தியைப் படித்தேன். அந்த அம்மையார் ஒரு பதிப்பாசிரியர். ஒரு பெண் எழுதிய காவியத்தைத் தேடி எடுத்து, பாடம் ஒப்பிட்டு, முன்னுரை எழுதி, அச்சேற்றியவர். அதற்காகக் காவல் துறையினர் படிகளைக் கைப்பற்றினர். அந்த நூல் 36 ஆண்டுகள் தடையில் கிடந்தது.

நண்பர்களே! அறிவியல் படிக்கிறவனுக்குப் பதிப்பு வரலாற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. அந்தக் கடனைக் கடைசியில் சொல்லுகிறேன். முதலில் கதையைக் கேளுங்கள்.

தஞ்சையை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். அவருடைய அவையில் முத்துப்பழனி என்றொரு புலவர் இருந்தார். கணிகையர் குலத்தில் பிறந்தவர். இசையும் நாட்டியமும் இலக்கியமும் கற்றுத் தேர்ந்தவர். தஞ்சை அரசவையில் அந்நாளில் தெலுங்கே இலக்கிய மொழியாக வீற்றிருந்ததால் அவர் தெலுங்கில் பாடினார். நம் ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்குக்குக் கொண்டு சென்றவரும் அவரே என்பர். அவருடைய பெரிய நூல் 'ராதிகா சாந்தவனம்'. ராதையைத் தேற்றுதல் என்பது அதன் பொருள். தான் வளர்த்த இளா என்னும் பெண்ணைக் கண்ணனுக்கு மணம் முடித்து வைத்துவிட்டு, பின்னர் பிரிவுத் துயராலும் பொறாமையாலும் வாடுகிறாள் ராதை. கண்ணன் வந்து அவளைத் தேற்றுகிறான். ராதை கண்ணன் கதையைப் பாடாத புலவர் இல்லை. ஆனால், ஒரு பெண்ணின் விருப்பத்தையும் சினத்தையும் அவள் பக்கத்தில் நின்று பாடியது இந்தக் காவியம். நூலின் தோற்றுவாயில் முத்துப்பழனி தம் கல்வி மரபையும் கூறுகிறார். தந்தை வழியாகவோ குரு வழியாகவோ அன்று. பாட்டியின் பெயரையும் அத்தையின் பெயரையும் சொல்லி, அவர்களும் புலமை பெற்றவர்கள் என்று பெருமிதத்தோடு கூறுகிறார்.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. மைசூருக்கு அருகில் உள்ள நஞ்சன்கூட்டில் 1878ஆம் ஆண்டு பிறந்த நாகரத்தினம், கன்னடமும் தெலுங்கும் வடமொழியும் பயின்று, பெங்களூரில் இசை கற்று, சென்னைக்குக் குடியேறிப் புகழ் பெற்றார். முத்துப்பழனியின் காவியத்தைப் பற்றி அறிந்த அவர் அதைத் தேடத் தொடங்கினார். அந்த நூல் 1887ஆம் ஆண்டிலேயே ஒரு முறை அச்சாகி, பின்னர் மறுபதிப்பும் கண்டிருந்தது. ஆயினும் அவர் கைக்குக் கிடைத்த அச்சுப்படியில் ஏதோ குறைந்திருந்தது. பிறகு ஓர் ஏட்டுச் சுவடி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் உண்மை விளங்கியது. அச்சுப்படியில் சில பாடல்களைக் காணோம். பாட்டியையும் அத்தையையும் போற்றிய தோற்றுவாயும் இல்லை.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நூலை அச்சிட்டவர் பகைவர் அல்லர். அந்த நூலின் மேல் மதிப்பு இருந்ததால்தான் பாடுபட்டு அச்சிட்டார். எனினும் அச்சுக்குப் போகும் வழியில் எழுதியவளின் வரலாறு கழன்று விழுந்துவிட்டது. நூலை எரித்தால்தான் அது அழியும் என்பதில்லை. நல்லெண்ணம் கொண்ட ஒருவர் "இந்தப் பகுதி எதற்கு?" என்று எண்ணினாலும் போதும்.

நாகரத்தினம்மாள் விடுபட்டவற்றைச் சேர்த்து 1910ஆம் ஆண்டில் நூலைச் சென்னையில் வெளியிட்டார். வெளியிட்ட நிறுவனம் வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு அண்டு சன்ஸ். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இராமசாமி சாஸ்திருலு தொடங்கி, அவர் மகன் வேங்கடேசுவர சாஸ்திருலு பெருக்கி வளர்த்த பதிப்பகம் அது. வடமொழி, தெலுங்கு நூல்களைப் பிழையின்றி அச்சிடுவதில் பேர் போனது. புலவர் வீடுகளிலெல்லாம் அதன் வெளியீடுகள் இருந்தன. அப்படிப்பட்ட மதிப்புக்குரிய பதிப்பகம், கணிகையர் குலத்துப் பெண் ஒருவர் பாடியதும் அதே குலத்துப் பெண் மற்றொருவர் பதிப்பித்ததுமான ஒரு நூலைத் தன் பெயரில் வெளியிட்டது. தன் குலத்தில் பிறந்த ஒரு பெண் பாடியது என்பதை மறைக்காமல், அதையே பெருமையாகக் கூறி அம்மையார் முன்னுரை எழுதியிருந்தார்.

எதிர்ப்பு எழுந்தது. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு விதவை மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் போராடிய பெரியவர். ஆந்திர நாட்டு மறுமலர்ச்சியின் தந்தை எனப் போற்றப்படுபவர். அவரே முத்துப்பழனியின் பாடல்களில் சில பகுதிகளை, பெண் வாயிலிருந்து வரத் தகாதவை என்று கண்டித்திருந்தார். அம்மையார் அதற்கு விடை கூறாமல் விடவில்லை. நாணம் என்பது பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதா, ஆண் புலவர்கள் பாடிய சிருங்கார நூல்களில் இதைவிட மிகுதியாக இல்லையா, அவற்றைப் போற்றுகிறவர்கள் இதை மட்டும் தூற்றுவது எந்த நியாயம் என்பது அவர் கேள்வியின் சாரம்.

அந்தக் கேள்விக்கு நேரான விடை வரவில்லை. ஆபாசம் என்ற குற்றச்சாட்டுத்தான் வந்தது. 1911ஆம் ஆண்டில் காவல் துறையினர் படிகளைக் கைப்பற்றினர். பண்டிதர்கள் பலர், இந்த நூலைத் தடை செய்யக் கூடாது என்று அரசுக்கு விண்ணப்பம் செய்தனர். பயனில்லை. ஆங்கில அரசு தடை விதித்தது. பண்டை இலக்கியங்களை அச்சிட்டுப் பெயர் பெற்ற பதிப்பகத்தின் மேல் ஆபாச நூல் வெளியிட்டவர் என்ற பழி விழுந்தது.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1947ஆம் ஆண்டில், தங்குதூரி பிரகாசம் பந்துலு சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. 1952ஆம் ஆண்டில் வாவிள்ள நிறுவனமே நூலை மீண்டும் பதிப்பித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் நாகரத்தினம்மாள் காலமானார். தடை நீங்கிய பின்னும் அந்த நூல் எளிதில் கிடைக்கும் நூலாகிவிடவில்லை. இந்தியப் பெண்களின் எழுத்தைத் திரட்டிச் சூசி தாருவும் கே. லலிதாவும் 1991ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு பெருந்தொகுதி வெளியிட்டார்கள். இந்த ஒரு நூலின் கதையைக் கொண்டே அவர்கள் தங்கள் முன்னுரையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்தக் கதையில் நான் முதலில் வணங்குவது எழுதிய முத்துப்பழனியை. அடுத்துப் பதிப்பித்த நாகரத்தினத்தை. ஆனால் மூன்றாவது ஆள் ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். அவர் அச்சிட்டு விற்றவர். எழுதியவருக்குப் புகழ் கிடைக்கலாம். அச்சிட்டவருக்குக் கிடைத்தது வழக்கு. தாளுக்கும் மைக்கும் கூலிக்கும் பணம் போட்டவர் அவர். படிகள் பறிபோனால் நட்டம் அவருக்கு. தம்முடைய மற்ற நூல்களின் நற்பெயரையும் சேர்த்துப் பணயம் வைத்தவர் அவர். வேங்கடேசுவர சாஸ்திருலு 1911இல் அந்த நூலைத் தலைமுழுகியிருக்கலாம். தெலுங்கில் அச்சிட வேறு நூல்களுக்கா பஞ்சம்? அவர் தலைமுழுகவில்லை என்பதால்தான் 1952ஆம் ஆண்டின் பதிப்பு நமக்குக் கிடைத்தது.

இப்படிப்பட்ட துணிவுள்ள பதிப்பாளர் கிடைக்காத பெண்கள் என்ன செய்தார்கள்? பலர் எழுதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். சிலர் அச்சகத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். இலண்டன் மாநகரில் 1860ஆம் ஆண்டில் எமிலி பெய்த்புல் என்ற பெண்மணி விக்டோரியா அச்சகத்தைத் தொடங்கி, பெண்களுக்கு எழுத்துக் கோக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். அது ஆண்களின் தொழில் என்று அச்சுத் தொழிலாளர் எதிர்த்த காலம் அது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நாகரத்தினம்மாள் பிறந்த அதே நஞ்சன்கூட்டில் 1887ஆம் ஆண்டில் பிறந்தவர் திருமலாம்பா. குழந்தையாக இருந்தபோதே மணமாகி, பதினான்கு வயதிலேயே கணவனை இழந்தவர். 1913ஆம் ஆண்டில் 'சதி ஹிதைஷிணி' என்ற பெயரில் நூல் வரிசை ஒன்றைத் தாமே தொடங்கித் தம் புதினங்களை வெளியிட்டார். 'கர்நாடக நந்தினி' என்னும் மாதர் இதழையும் நடத்தினார். கன்னட நாட்டின் முதற்பெண் புதின ஆசிரியர், முதற்பெண் பதிப்பாளர் என்றெல்லாம் இன்று அவரைக் கூறுகிறார்கள். பிற்காலத்தில் அவர் எங்கே வாழ்ந்தார் தெரியுமா? நம் சென்னையில். எழுத்துலகம் மறந்துவிட்ட நிலையில் அங்கேயே 1982ஆம் ஆண்டில் மறைந்தார். இங்கே பிறந்து அங்கே சென்றவர்களை அங்குள்ளோர் அறியவில்லை. அங்கே பிறந்து இங்கே வந்த நாம், இந்த மண் தந்தவர்களை அறியவில்லை. வேலைக்கும் படிப்புக்கும் எல்லை கடக்கத் தெரிந்த நமக்கு, ஒரு பெயரை எல்லை கடத்திக் கொண்டுவரத் தெரியவில்லையே!

தமிழிலும் இப்படி ஒருவர் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள் ஐந்து வயதளவில் மணம் செய்து வைக்கப்பட்டவர், பள்ளிக்குச் செல்லாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அந்தப் பெண்மணி 1925ஆம் ஆண்டில் 'ஜகன்மோகினி' இதழைத் தம் பொறுப்பில் ஏற்று, பின்னர்ச் சொந்த அச்சகமும் வைத்து, நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதி வெளியிட்டார். அவருடைய எழுத்தைக் குறை கூறியோர் உண்டு. ஆனால் அவருடைய இதழை வாங்கிப் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று சொல்லுவார்கள். பிறருடைய அச்சகத்தின் வாசலில் காத்திருந்தால் இது நடந்திருக்குமா?

நான் பயிலும் இயற்பியலில் ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மட்டும் காணும் கருவியை வானத்தை நோக்கி வைத்தால், பல விண்மீன்களும் தூசு மண்டலங்களும் அதில் தெரிவதில்லை. தெரியாததால் அவை இல்லை என்று எழுதுகிறவனை எங்கள் ஆசிரியர்கள் மன்னிப்பதில்லை. "உன் கருவி எதைக் காணும், எதைக் காணாது என்று முதலில் சொல்" என்பார்கள். அகச்சிவப்புக் கதிரைக் காணும் கருவி வந்த பின்னர், வெறும் இருள் என்று எண்ணியிருந்த இடத்தில் விண்மீன்கள் பிறந்துகொண்டிருப்பதைக் கண்டோம்.

"அந்தக் காலத்தில் பெண்கள் எங்கே எழுதினார்கள்? ஔவை, ஆண்டாள், காரைக்கால் அம்மையார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாமே" என்று நம்மில் பலர் மேடையில் பேசுகிறோம். நூலக அடுக்கைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிப் பேசுகிறோம். நூலக அடுக்கும் ஒரு கருவிதான். ஏடு எழுதுவோர், தொகுப்போர், அச்சிடுவோர், விற்போர், வாங்குவோர் என்று எத்தனையோ சல்லடைகளைத் தாண்டி வந்தது மட்டும் அதில் தெரிகிறது. ஒவ்வொரு சல்லடையையும் யாருடைய கை பிடித்திருந்தது என்று கேட்காமல், எழுதியவர்களின் எண்ணிக்கையைச் சொல்லுவது அறிவியலும் ஆகாது, வரலாறும் ஆகாது. முத்துப்பழனி சொன்ன அந்தப் பாட்டியும் அத்தையும் என்ன பாடினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் புலவர்களாக இருந்தார்கள் என்ற செய்தியே அறுந்து போக இருந்ததல்லவா?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். "பெண் எழுதினாள் என்பதற்காக எதையும் அச்சிட வேண்டுமா? பதிப்பாசிரியனுக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு, நிச்சயமாக உண்டு. தேர்ந்தெடுக்காத இதழ் குப்பைக் கூடை. ஆனால் தராசு ஒன்றாக இருக்க வேண்டும். ஆண் எழுதினால் காதற்சுவை, பெண் எழுதினால் கெட்ட பெயர் என்று இரண்டு படிக்கற்களை வைத்துக்கொண்டு நிறுப்பவனைக் கடைத்தெருவிலேயே ஒப்புக்கொள்ள மாட்டோம். இலக்கியத்தில் மட்டும் எப்படி ஒப்புக்கொள்வது? நாகரத்தினம்மாள் சலுகை கேட்கவில்லை. ஒரே படிக்கல்லைக் கேட்டார்.

இனி என் கடனைச் சொல்லுகிறேன். சென்ற ஆண்டு மாணவர் மலர் ஒன்றின் தேர்வுக் குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். குழுவில் ஐவர், ஐவரும் ஆண்கள். ஒரு மாணவி கவிதை ஒன்றைத் தந்திருந்தார். பெண் பார்க்கும் படலம்தான் பொருள். ஆனால் அந்தக் கவிதையில் பார்ப்பவள் பெண். வந்து அமர்ந்த மாப்பிள்ளையை அவள் தலைமுதல் கால்வரை பார்த்து, தனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று சொல்லுகிறாள். நல்ல கவிதை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. இருந்தும் எட்டு வரிகளை நீக்கினோம். "படித்தவர்கள் தவறாக நினைப்பார்கள், அந்தப் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர்" என்று சொன்னவன் வேறு எவனும் அல்லன், நான்தான். பெயரையும் போடாமல் முதலெழுத்துகளை மட்டும் போட்டோம். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மலரில் காதலியின் கண்ணையும் இடையையும் பாடிய கவிதைகள் நான்கு வந்தன. நான்கையும் எழுதியவர்கள் முழுப்பெயரோடு வந்தார்கள்.

மலர் வெளிவந்த அன்று அந்த மாணவி அதைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மலரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எந்த இதழுக்கும் அவர் எழுதித் தரவில்லை. இந்த ஆண்டு நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா, அது பழைய கதை" என்றார். புதிதாக எதுவும் எழுதினீர்களா என்று கேட்டேன். சிரித்தார், அவ்வளவுதான்.

முத்துப்பழனியின் தோற்றுவாயை நீக்கியவரைப் பற்றிப் படித்தபோது என் முகத்தில் யாரோ கண்ணாடியைப் பிடித்தது போல் இருந்தது. தோழர்களே, தடை விதிக்கும் அரசு நம் கையில் இல்லை. ஆனால் கத்தரிக்கோல் நம் கையில் இருக்கிறது.

ஆதலால் மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, எழுதியவரின் இசைவு இல்லாமல் ஒரு வரியையும் நீக்குவதில்லை, ஒரு பெயரையும் சுருக்குவதில்லை என்று பொதுக்குழு தீர்மானம் செய்ய வேண்டும். வெளியிட மறுக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். இரண்டாவது, தேர்வுக் குழுவில் பாதி இடம் மாணவியருக்கு வேண்டும். 'மகளிர் பகுதி' என்று இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கடமை முடிந்ததென்று கைகழுவும் வழக்கத்தை விட்டுவிடுவோம். மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு சிறு நூலை மன்றமே பதிப்பிக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும் நாம் ஒவ்வொருவரும், வீட்டில் பாட்டியின், அம்மாவின், அத்தையின் கையெழுத்தில் உள்ளதைத் தேடிப் பார்ப்போம். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிய பாட்டாக இருக்கலாம். அனுப்பாத கடிதமாக இருக்கலாம். சொல்லச் சொல்ல நாம் எழுதிக்கொள்ள வேண்டிய கதையாக இருக்கலாம். அவர்கள் இசைந்தால் அவர்கள் பெயரோடு அச்சிடுவோம்.

செலவுக்கு எங்கே போவது என்பீர்கள். இன்று ஈய எழுத்தைக் கோத்து ஆயிரம் படி அச்சிட வேண்டியதில்லை. கணினியில் நாமே எழுத்தைக் கோத்து, ஐம்பது படி மட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆண்டுவிழாச் சாப்பாட்டில் ஓர் இனிப்பைக் குறைத்தால் நூல் வந்துவிடும். சாஸ்திருலு வைத்த பணயத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட நாம் வைக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு நாங்கள் நீக்கிய எட்டு வரிகள் என்னிடம் இருக்கின்றன. கையெழுத்துப் படியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அந்த மாணவி இசைந்தால், முழுக் கவிதையும் முழுப்பெயரோடு அடுத்த இதழில் முதற்பக்கத்தில் வரட்டும். இசையாவிட்டால் அந்தத் தாளை அவரிடமே ஒப்படைத்துவிடுகிறேன். முடிவு அவருடையது. சென்ற ஆண்டே அது அவருடையதாக இருந்திருக்க வேண்டும்.